உறுமியும் இயந்திரமும்: ஒரு மூலக்குளத்து ரசிகனின் அபிப்பிராயங்கள்

‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் கல்கி ஆனந்த விகடனில் எழுதிய நாள் முதலாகத் தமிழ்ப் பத்திரிகைகளில் சங்கீத விமர்சனம் என்னும் துறை செழித்தே வந்திருக்கிறது. வித்துவான் தோடியை எத்தனை நிமிஷம் ஆலாபனை செய்தார், தனியாவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் எந்த நடையில் கோர்வை வைத்தார், தம்புராவின் சுருதி எந்த இடத்தில் சற்றே இறங்கிற்று என்றெல்லாம் நுணுகி நுணுகி எழுதத் தெரிந்த நாம், மனிதன் எழுந்து நின்று காலை மாற்றி மாற்றி வைத்து ஆடுவதற்கென்றே ஆக்கப்பட்ட இசையைப் பற்றிப் பேச நேரும்போது மட்டும், ‘குத்து’ என்ற ஒரே வார்த்தையில் விஷயத்தை முடித்துக்கொண்டு அப்பால் போய்விடுகிறோம். உட்கார்ந்து கேட்பதற்குரிய இசைக்குத்தான் இலக்கணம் உண்டு, ஆடுவதற்குரிய இசைக்குச் சத்தம் மட்டுமே உண்டு என்பது நம்மிடையே வெளிப்படையாகச் சொல்லப்படாத ஒரு சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தத்தினால் நாம் சரிவரக் கேளாமல் விட்டவற்றுள் தலையாயது, லண்டனில் பிறந்த யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண்ணாகிய மாதங்கி அருட்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற மேடைப் பெயரில் 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளியிட்ட ‘கலா’ என்னும் இசைத்தொகுப்பு என்பது என் அபிப்பிராயம். அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை அந்த ஆண்டின் தலைசிறந்த தொகுப்பென்று அதற்கு முதலிடம் கொடுத்தது. நம்மவர்களோ, அந்த அம்மையாரைப் பற்றி எழுதியபோதெல்லாம் ஈழப் பிரச்சினையைப் பற்றி எழுதினார்கள். அவருடைய தந்தையார் எந்த இயக்கத்தில் இருந்தார் என்று ஆராய்ந்தார்கள். அவர் அணிந்த உடையைப் பற்றி முகம் சுளித்தார்கள். தாளத்தைப் பற்றி எழுதியவர்களைக் கண்டுபிடிப்பது பிரயாசையான காரியம். அரசியல் அந்த இசையில் இல்லாமல் இல்லை, ஏராளமாக இருக்கிறது. ஆனால் ஆடுவதற்காக ஒருவர் பன்னிரண்டு பாட்டுகளை ஆக்கித் தரும்போது, முதலில் பார்க்க வேண்டியது அவை நம்மை ஆட்டுகின்றனவா என்பதைத்தானே?

வரலாற்றை அதிகம் விரிக்க வேண்டியதில்லை. 1975-இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, இடையே சிறிது காலம் சென்னையிலும் வறுமையில் வாழ்ந்து, 1986-இல் தாயாரோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக மீண்டும் லண்டன் சேர்ந்தவர் அவர். தந்தையின் இயக்கப் பெயரையே தலைப்பாக வைத்து 2005-இல் ‘அருளர்’ என்ற முதல் தொகுப்பை, ரோலண்ட் கம்பெனியின் சிறிய தாளக் கருவியொன்றை முதன்மையாகக் கொண்டு ஆக்கினார். இரண்டாவது தொகுப்புக்குத் தாயாரின் பெயர். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த அந்தத் தாயார், பிரிட்டிஷ் அரச விருதுப் பதக்கங்களைக் கையால் தைத்துத் தரும் பணியில் முப்பதாண்டுகளுக்கு மேல் இருந்தவர் என்பதும், 2019-இல் அதே விருது மகளுக்கு அறிவிக்கப்பட்டபோது, தாயாரின் பொருட்டே அதை ஏற்பதாக மகள் சொன்னதும், கதையாசிரியர்கள் கற்பனை செய்யத் தயங்கும் சம்பவங்கள்.

இரண்டாவது தொகுப்பைப் புகழ்பெற்ற அமெரிக்கத் தயாரிப்பாளர்களோடு அமர்ந்து செய்வதென்றுதான் முதலில் ஏற்பாடு. அமெரிக்கா செல்வதற்கு விசா கிடைப்பதில் தடங்கல் ஏற்பட்டது. அந்தத் தடங்கலுக்கு ரசிக உலகம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது என்பேன். ஏனெனில், அதன் காரணமாகவே அவர் இந்தியாவுக்கும் டிரினிடாட்டுக்கும் ஜமைக்காவுக்கும் லைபீரியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அலைந்து திரிந்து, சென்ற இடத்துச் சப்தங்களையெல்லாம் சேகரித்து, ஸ்விட்ச் என்ற ஆங்கிலேயத் தயாரிப்பாளரின் துணையோடு ஒரு புதுமையான உருவத்தைக் கட்டினார். அப்படி அவர் சென்னையில் வந்து இறங்கியபோது, வீணையையோ வயலினையோ நாடவில்லை. உறுமி மேளக்காரர்களை நாடினார்.

உறுமியைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். நடுவே இடை சிறுத்து, இரு புறமும் தோல் போர்த்திய அந்த வாத்தியத்தின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள். மற்றொரு முகத்தை வளைந்த குச்சியொன்றால் அழுத்தித் தேய்க்கிறார்கள். அந்தத் தேய்ப்பிலே எழுகின்ற ஒலி, அடித்த ஒலியைப் போல் பிறந்த கணத்திலேயே மடிந்துவிடாமல், வயிற்றின் அடியிலிருந்து புறப்பட்டு ஏறி இறங்கிக் குமுறுகின்றது. நம் நாட்டு வாத்தியங்களில் அந்தஸ்து பேதம் உண்டென்பது யாவரும் அறிந்ததே. மிருதங்கம் சபைக்குப் போயிற்று. தவில் கோயில் வாயிலிலிருந்து மெல்ல மெல்ல மேடையேறிற்று. பறையும் பம்பையும் உறுமியும் தெருவிலேயே நின்றன. பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த வழக்கத்தை ஒட்டி இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கின்ற, எங்கள் புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூர்த் தேர்த் திருவிழாவில், சுவாமிக்கு முன்னே நாயனமும் தவிலும் ஒலிக்கும்போது பக்தர்கள் கை கூப்பி நிற்கிறார்கள். அதே ஊர்க்காரர்கள் ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் வாசலில் பம்பையும் உறுமியும் முழங்கத் தொடங்கியதும் கை கூப்பி நிற்பதில்லை. அவர்களுடைய கால்கள் தாமாகவே அசைகின்றன. சாவு ஊர்வலத்திலும் அப்படியே. துக்கமும் பக்தியும் களிப்பும் தனித்தனியானவை அல்ல, ஒரே உடம்பில் குடியிருப்பவை என்று அந்த மேளத்துக்குத் தெரிந்திருக்கிறது. மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குச் சென்ற நம் மக்களோடு கப்பலேறிய வாத்தியங்களில் உறுமியும் ஒன்று. தைப்பூசக் காவடிகளோடு அந்நாட்டுத் தமிழ் இளைஞர்கள் அதை இன்றளவும் எவ்வளவு அபிமானத்தோடு முழக்குகிறார்கள் என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

‘கலா’வின் இரண்டாம் பாட்டாகிய ‘பேர்ட் ஃப்ளூ’, தொகுப்புக்கு முன்னதாகவே 2006-இல் வெளிவந்தது. அதில் கோழிகள் கொக்கரிக்கின்றன, குழந்தைகள் கூச்சலிடுகின்றன, இவற்றுக்கு அடியிலே உறுமிக் கூட்டம் ஓயாமல் முழங்குகிறது. மேலைநாட்டு ஆடலிசையின் நியமப்படி, மாத்திரைக்கொரு அடியாக மாறாமல் ஒலிக்கின்ற ஓர் இயந்திரத் தாளம் பிரதானமாக இருக்க வேண்டும். மற்ற நாட்டு வாத்தியங்கள் அதன் மேல் அலங்காரமாக வந்து போகலாம். இந்தப் பாட்டிலோ முறை தலைகீழாகிவிடுகிறது. உறுமி முன்னே செல்ல, இயந்திரம் அதன் பின்னால் ஓடிவருகிறது. பலர் கூடி ஒரே அடியை அடிக்கும்போது ஒருவர் அடி மற்றொருவர் அடிக்கு மயிரிழை முந்தியும் பிந்தியும் விழுவது இயற்கை. அந்த மயிரிழை இடைவெளியிலேதான் ஆட்டம் பிறக்கிறதென்பது, தெருவில் மேளம் கேட்டு வளர்ந்தவர்களின் கால்களுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்த சாஸ்திரம். ஒலிப்பதிவு நிபுணர்கள் சாதாரணமாக இந்த ஏற்றத்தாழ்வைக் குறையென்று கருதிக் கம்ப்யூட்டரில் இட்டுச் சமன் செய்துவிடுவார்கள். என் காதுக்குக் கேட்கிற வரையில், இங்கே அப்படிச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அடுத்து வருகின்ற ‘பாய்ஸ்’ பாட்டிலும் அதே மேளம்; ஆனால் இன்னும் கொண்டாட்டமாக, பொருளற்ற அசைகளைக் கூட்டமாகக் கூவிக்கொண்டு, ஊர்வலம் ஒன்று தெரு முனையில் திரும்புகிற வேகத்தோடு வருகிறது. இந்த இரண்டு பாட்டுகளுக்காகவே தொகுப்பைத் தமிழ்த் தொகுப்பென்று நான் சொந்தம் கொண்டாடுவேன். பாட்டின் சொற்கள் ஆங்கிலமாயிருப்பது எனக்குப் பொருட்டல்ல. தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனைகளைத் தஞ்சாவூர் தன் சொத்தாகக் கருதவில்லையா?

நண்பர்கள் சிலர் இதற்கு ஓர் ஆட்சேபம் சொல்வதுண்டு. நம் கிராமத்து மேளத்தையும், நம் சினிமாப் பாட்டையும் எடுத்துக்கொண்டு போய் அந்நியச் சந்தையில் விற்றுப் பெயர் சம்பாதித்துவிட்டார் என்பது அவர்கள் வாதம். சினிமாப் பாட்டுகளை அவர் எடுத்தாண்டது மெய்யே. ‘பேர்ட் ஃப்ளூ’வில், 2003-இல் வந்த ‘ஜெயம்’ படத்துக்காக ஆர்.பி. பட்நாயக் அமைத்த திருவிழாப் பாட்டின் அம்சங்கள் கலந்திருக்கின்றன. தொகுப்பின் முதற்பாட்டாகிய ‘பேம்பூ பாங்கா’வில், 1991-இல் ‘தளபதி’ படத்துக்காக இளையராஜா அமைத்து, எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் யேசுதாஸும் சேர்ந்து பாடிய பண்டிகைப் பாட்டிலிருந்து ஒரு துணுக்கு வருகிறது. அதனோடு அமெரிக்க ராக் பாடகர் ஜானதன் ரிச்மனின் பழைய பாட்டொன்றும் வந்து கைகோக்கிறது. ஒளித்துச் செய்தவையல்ல இவை. எடுத்தாண்டவற்றின் மூலம் தொகுப்போடு வந்த குறிப்பிலேயே கண்டிருக்கிறது. மேலும், ஆட்சேபிப்பவர்களை நான் ஒன்று கேட்பேன்: நம் சினிமாக்காரர்கள் உறுமியை என்ன செய்தார்கள்? பாட்டின் தொடக்கத்தில் நாலு அடி முழங்கவிட்டு, ரசிகர் கூட்டம் விசிலடித்ததும், அதன் தலைமேல் இருபது விதமான மின்வாத்தியங்களை ஏற்றி மூச்சடைக்கச் செய்யும் வழக்கந்தானே பெரும்பாலும்? அதை முழுப் பாட்டுக்கும் முதுகெலும்பாக வைத்து, உலகத்து நடனக் கூடங்களின் ஒலிபெருக்கிகளில் தலைநிமிர்ந்து நிற்கச் செய்தவரைக் குற்றம் சாட்டுவதற்கு நமக்குள்ள உரிமை சொற்பமே.

ஆனால் ஒரு குறை உண்டு. அதை நானும் மறைக்கப் போவதில்லை. இந்தத் தொகுப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய உலகப் பத்திரிகைகள் தயாரிப்பாளர்களைப் பெயர் பெயராகப் போற்றிவிட்டு, மேளக்காரர்களைப் பெரும்பாலும் ‘சென்னை உறுமிக் கலைஞர்கள்’ என்று பன்மையில் ஒரே வாக்கியத்தில் கடந்து சென்றன. தலைமை உறுமிக்காரர் எந்த ஊர், யாரிடம் தொழில் கற்றார் என்று கேட்டெழுத வேண்டிய கடமை லண்டன்காரர்களைவிடத் தமிழ்ப் பத்திரிகைகளுக்கே அதிகம். நாமும் செய்யவில்லை.

நான்காம் பாட்டாகிய ‘ஜிம்மி’யைப் பற்றிப் புதுச்சேரிக்காரன் ஒருவன் தனிப்பட்ட முறையில் சொல்ல வேண்டியது உண்டு. 1982-இல் வந்து சோவியத் நாடு வரையில் பெருவெற்றி பெற்ற ‘டிஸ்கோ டான்சர்’ என்ற இந்திப் படத்தில் பப்பி லாஹிரி அமைத்து, பார்வதி கான் பாடிய பாட்டின் மறு உருவம் இது. சிறு வயதில் விருந்துகளில் அந்தப் பாட்டுக்கு ஆடிய நினைவினாலேயே மாதங்கி இதை எடுத்துப் பாடினார். ஆனால் பப்பி லாஹிரிக்கு அந்த மெட்டு எங்கிருந்து வந்தது? பிரான்சு தேசத்தில் 1980-இல் ஒட்டாவான் என்ற இரட்டையர் பாடிப் பிரபலமான ஒரு டிஸ்கோ பாட்டைக் கேட்டவர்கள், இரண்டின் உறவையும் சொல்லாமலே கண்டுகொள்வார்கள். அந்த இரட்டையர் கரீபியத் தீவுகளின் வழிவந்த கறுப்பினத்தவர். அவர்களுக்குப் பாட்டு ஆக்கித் தந்தவர்களில் ஒருவரான டேனியல் வாங்கார்டின் மகன், பிற்காலத்தில் ‘டாஃப்ட் பங்க்’ என்ற பெயரில் பிரெஞ்சு ஆடலிசையை உலகெங்கும் பரப்பிய இருவரில் ஒருவர். ஆகவே, பாரிசில் கரீபியக் குரல்களில் பிறந்த மெட்டு, பம்பாயில் இந்தி வேஷம் பூண்டு, யாழ்ப்பாணப் பெண்ணின் வாயிலாக லண்டனில் ஆங்கிலம் பேசக் கற்று, இங்கே மூலக்குளத்தில் வில்லியனூர்ச் சாலையோரத்து வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்தவர்களின் ‘சொல்தா’க் குடும்பங்களில் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் கொண்டுவந்த ஒலிநாடாக்களில் அந்த நாளைய பிரெஞ்சு டிஸ்கோவைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, இந்தப் பாட்டில் எங்கள் ஊருக்கும் ஒரு பாத்தியதை இருப்பதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆடலிசைக்குத் தாய்நாடு என்று ஒன்றைச் சுட்டிக் காட்டுவது எப்போதுமே சிரமமான காரியந்தான். யூரோபீட் என்ற அதிவேக நடன இசையை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு நூற்றைம்பது அடிக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டுகளை ஆக்கினவர்கள் இத்தாலிக்காரர்கள். பாடினவர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் புனைபெயர்களுக்குள் மறைந்துகொண்ட இத்தாலியப் பாடகர்கள். ஆடினவர்களோ ஜப்பானிய இளைஞர்கள். ‘சூப்பர் யூரோபீட்’ என்று 1990 முதல் தொகுதி தொகுதியாக அந்நாட்டில் வெளிவந்த அந்தப் பாட்டுகளை இத்தாலியிலேயே அதிகம் பேர் அறியார். எனக்கு அதில் மோகம் உண்டு. ஆனால் எல்லாப் பாட்டும் ஒரே உலைக்களத்தில் வார்த்த ஆணிகளைப் போல ஒன்றுபோலவே இருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். ‘ஜிம்மி’யும் அந்த ஐரோப்பிய வம்சத்தைச் சேர்ந்த பாட்டே. ஆயினும் மாதங்கியின் குரல் அதை வேறாக்கிவிடுகிறது. அது பயிற்சி பெற்ற சாரீரமல்ல; கமகம் கிடையாது; சுருதியோடு சண்டை பிடிக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. வெள்ளிச் சரிகை போன்ற வயலின்கள் பின்னணியில் மின்னிக்கொண்டிருக்க, அவற்றைச் சட்டை செய்யாமல் ஓர் அலட்சியத்தோடு, பாதி பேச்சும் பாதி பாட்டுமாக அவர் பாடும்போது, மினுக்கான பாட்டுக்கு ஓர் உண்மைத்தன்மை வந்துவிடுகிறது.

மற்றப் பாட்டுகளில் சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவின் வில்கானியா என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஆதிக்குடிச் சிறுவர்கள் பாடிய பாட்டொன்றோடு தம் குரலைச் சேர்த்து அவர் ஆக்கிய ‘மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்’, கேட்கக் கேட்கச் சிரிப்பை வரவழைக்கும் அருமையான சரக்கு. ‘ஹசல்’ பரவாயில்லை. ‘ட்வென்ட்டி டாலர்’ இரவில் தனியே கேட்க உகந்தது. ஆடுவதற்கு அவ்வளவு இடங்கொடாது. ‘தி டர்ன்’ வேகம் தணிந்து இளைப்பாறுகிறது. ‘எக்ஸ்ஆர்2’ லண்டன் இளைஞர்களின் பழைய நடன நாட்களை எண்ணிப் பாடியது. அந்த நினைவுகளில் பங்கில்லாத நம்மவர்களுக்கு அது ஊதல் சத்தமாகவே போய்விடும்.

உலகம் அறிந்த பாட்டு ‘பேப்பர் பிளேன்ஸ்’. ‘தி கிளாஷ்’ என்ற ஆங்கிலக் குழுவின் 1982-ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் கித்தார் ஓசையை அடியில் ஓடவிட்டு, குடியேறிகளைக் கண்டாலே திருடர்களென்று சந்தேகிக்கும் அதிகாரிகளின் புத்தியைப் பரிகாசம் செய்யும் பாட்டு. பல்லவியிலே துப்பாக்கி வெடிக்கிறது, கல்லாப்பெட்டி திறந்து மணியடிக்கிறது. 2008-இல் அமெரிக்காவின் பில்போர்டு வரிசையில் நான்காம் இடத்தை எட்டிய இந்தப் பாட்டை, ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் கேட்டவர்கள் அநேகர். அதே படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து மாதங்கி ஆக்கிய பாட்டொன்று ஆஸ்கர் பரிசுக்கு முன்மொழியப்பட்டு, ரஹ்மானுடைய மற்றொரு பாட்டிடமே தோற்றது ஒரு வேடிக்கை. ‘பேப்பர் பிளேன்ஸ்’ இனிமையான பாட்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘கலா’ என்றாலே இதைத்தான் சொல்கிறார்கள் என்பது எனக்குச் சற்று மனக்கசப்பைத் தருகிறது. ஏனெனில், தொகுப்பில் உறுமியின் சுவடே இல்லாமல், மேலைநாட்டார் காதுக்குச் சிரமமின்றி இறங்குகிற பாட்டு இது. உட்கார்ந்துகொண்டு தலையசைத்தே ரசித்துவிடலாம். மனித சுபாவம் சௌகரியமானதைத்தான் முதலில் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.

வாரக் கடைசி வந்தால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இளைஞர் கூட்டம் புதுச்சேரிக்குத் திரண்டு வந்து, கடற்கரை விடுதிகளில் விடிய விடிய ஆடுகிறது. ஆடட்டும், ஆடுவதை நான் ஆட்சேபிப்பவன் அல்லேன். அந்த விடுதிகளில் பாட்டுப் போடுகிறவர்கள், ஐரோப்பாவில் நேற்று வெளிவந்ததை இன்று போட்டுவிட வேண்டும் என்று காட்டும் அவசரத்தில் பத்திலொரு பங்கை ‘பேர்ட் ஃப்ளூ’வின்மேல் காட்டலாம். எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களும் லேசுப்பட்டவையல்ல. கேரளத்துச் செண்டை மேளத்தை அத்தனை தொலைவிலிருந்து செலவு செய்து வரவழைக்கிறவர்கள், பக்கத்துக் கிராமத்து உறுமிக்காரரை மட்டும் சாவுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மங்கள காரியத்துக்கு ஆகாது என்று எந்தச் சாஸ்திரம் சொல்லிற்றோ தெரியவில்லை. அதே மண்டபத்தில் மாப்பிள்ளையின் தோழர்கள் ஒலிபெருக்கியில் ‘பாய்ஸ்’ பாட்டைப் போட்டு ஆடினால் பெரியவர்கள் அதை இங்கிலீஷ் பாட்டென்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடுவார்கள் என்பது என் ஊகம்.

இனி, தொகுப்பின் கடைசிப் பாட்டு, ‘கம் அரவுண்ட்’. முதலில் யார் கைக்குத் தொகுப்பின் பெரும்பகுதி போவதாயிருந்ததோ, அந்த அமெரிக்கத் தயாரிப்பாளர் டிம்பலாண்ட் ஆக்கியது. அவரே கூடப் பாடியும் இருக்கிறார். விசா மட்டும் காலத்தில் கிடைத்திருந்தால் பன்னிரண்டு பாட்டுகளும் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அது சாட்சியாக நிற்கிறது: சுத்தமான வேலைப்பாடு, கச்சிதமான அடி, எந்த ஊர்ப் பாடகரை நிறுத்தினாலும் பொருந்துகிற உருவம். நான் பதினோராவது பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டு, மறுபடியும் இரண்டாவது பாட்டிலிருந்து தொடங்கிவிடுகிறேன்.